தாய்லாந்துப் பேய்கள் ஏன் வீட்டை விட்டுப் போவதில்லை?

ஒரு வாசகரின் கேள்வி, 6 ஜனவரி 2024

தாய்லாந்துப் பேய்ப் படங்கள் ஏழெட்டுப் பார்த்துவிட்டேன். முகத்தை மறைக்கும் கூந்தலும் வெளிறிய தோலுமாக வரும் பெண்தான் எல்லாவற்றிலும் இருக்கிறாள். ஜப்பானிலிருந்து இரவல் வாங்கியவளைப் போலத் தெரிகிறாள். அந்த நாட்டார் பரம்பரையாகச் சொல்லிவந்த பேய்கள் எவையும் இல்லையா? இருந்தால், திரையில் ஏன் காணோம்?

6 ஜனவரி 2024, இரவு

இருக்கின்றன. நீங்கள் பார்த்தவை ஏற்றுமதிக்கு ஏற்றவை என்று தேர்ந்தெடுக்கப்பட்டவை. 2004இல் வந்த 'ஷட்டர்' படத்தின் பேய்க்கு நாட்டார் கதையில் தனிப் பெயர் கிடையாது. ஒரு புகைப்படக் கருவி, ஒரு நகரம், மூடி மறைக்கப்பட்ட ஒரு பழைய அநியாயம் ஆகிய மூன்றும் இருந்தால் எந்த நாட்டிலும் அதற்குக் குடியுரிமை கிடைத்துவிடும். தமிழில் அது 2007இல் 'சிவி' ஆனது. 2008இல் ஹாலிவுட்டுக்கும் போனது. அதே இரு இயக்குநர்கள் 2007இல் எடுத்த 'அலோன்' நமக்கு 2012இல் 'சாருலதா'வாக வந்து சேர்ந்தது. பெயரும் ஊரும் உடைய பேய்கள் மட்டும் கப்பல் ஏறவில்லை: பிரசவத்தில் இறந்த நாக், தலையும் குடலுமாகப் பறக்கும் கிரசூ, ஈரலைத் தின்னும் பொப், வாழைத் தோப்பில் பச்சை உடையில் நிற்கும் தானி.

அவை திரையில் மதிப்பிழந்ததற்குக் காரணம் நகைச்சுவை என்பது என் எண்ணம். 1989இல் 'பான் பி பொப்' வரிசை தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் தொடர்ச்சிகள் அடைமழை போல வந்தன. அதற்குப் பிறகு பொப்பைக் கண்டு எவரும் பயப்பட்டிருக்க முடியாது. 2013இல் 'பி மாக்', அதாவது 'பேய் மாக்', நாக்கையும் கேலிப்பொருளாக்கி முடித்துவைத்தது.

7 ஜனவரி 2024

நேற்று எழுதியதில் ஒரு பெரும் பிழை இருக்கிறது. 'பி மாக்' என்றால் 'பேய் மாக்' அன்று. 'மாக் அண்ணன்' என்று பொருள். தாய் மொழியில் பேயைக் குறிக்கும் சொல்லும் மூத்தவரை அழைக்கும் சொல்லும் எழுத்தொலியில் ஒன்றே. பேய்க்குத் தொனி ஏறும், அண்ணனுக்கும் அக்காவுக்கும் தொனி இறங்கும். படத்தின் பெயரில் இருப்பது இறங்கும் தொனி. மனைவி கணவனை அன்போடு கூப்பிடும் முறை அது.

இதை நான் மறந்திருக்கவே கூடாது. பாங்காக்கில் வேலை பார்த்த மூன்று ஆண்டுகளும், என்னைவிட மூத்த அலுவலகத் தோழி ஒருவரை அந்த ஊர் வழக்கப்படி 'அக்கா' என்று அழைப்பதாக நினைத்துக்கொண்டு, தொனியை ஏற்றி ஏற்றிக் கூப்பிட்டிருக்கிறேன். அவர் ஒருநாளும் திருத்தவில்லை. விடைபெறும் நாளில்தான், "இத்தனை காலம் என்னைப் பேயே என்று அழைத்தாய், பழகிவிட்டது" என்றார்.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தச் சொல்லின் உயிர் நெடில்தான். நெடிலாக எழுதினால் தமிழில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், எனவே குறிலாக்கினேன். பொப்பையும் அப்படியே குறுக்கினேன், இல்லாவிட்டால் போப்பாண்டவர் ஈரல் தின்பதாகிவிடும்.

10 ஜனவரி 2024

நாக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மற்றப் பேய்கள் ஓர் இனம் என்றால் இவள் ஒரு தனி ஆள். கதை நான்காம் ராமர் எனப்படும் மோங்குட் மன்னர் காலத்தில், பிரா கனோங் வாய்க்கால் கரையில் நடந்ததாகச் சொல்வார்கள். கணவன் மாக் போருக்கு அழைத்துச் செல்லப்படுகிறான். கருவுற்றிருந்த நாக் பிரசவத்தில் குழந்தையோடு இறந்துபோகிறாள். திரும்பி வரும் மாக்குக்கு வாசலில் குழந்தையை ஏந்திய மனைவி தெரிகிறாள். சோறு வடித்துப் போடுகிறாள். இரவில் அருகில் படுக்கிறாள். ஊர் சொல்வதை அவன் நம்புவதில்லை. ஒருநாள் அவள் இடித்துக்கொண்டிருக்கும்போது எலுமிச்சம்பழம் ஒன்று பலகைத் தரையின் இடுக்கு வழியே கீழே விழுகிறது. மரக்கால்களின் மேல் உயரமாக நிற்கும் அந்த வீட்டிலிருந்து இறங்கிப் போய் எடுப்பதற்குச் சோம்பல்பட்டோ, பழக்கத்தாலோ, கையை நீட்டுகிறாள். கை நீண்டுகொண்டே தரை வரை போகிறது. அவன் பார்த்துவிடுகிறான்.

இந்தக் கதை மௌனப்பட காலத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டிருக்கிறது. நொன்சி நிமிபுத்ர் 1999இல் எடுத்த 'நாங் நாக்' எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் அவர் கூந்தலை வெட்டியதுதான். அந்தக் காலத்துச் சயாமியப் பெண்கள் முடியைக் குட்டையாகக் கத்தரித்திருந்தார்கள், வெற்றிலையால் பற்கள் கறுத்திருந்தன என்ற வரலாற்றுச் செய்தியை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். ஆகவே அவருடைய நாக்குக்கு முகத்தை மறைக்கக் கூந்தல் இல்லை; அச்சமூட்டுவதற்கு அவளிடம் இருப்பது கணவனை விட்டுப் பிரிய மறுக்கும் பிடிவாதம் மட்டும். மந்திரவாதிகளால் முடியாததை, சொம்தெத் தோ என்று இன்றும் மக்கள் போற்றும் துறவி செய்கிறார். அவளை அடிக்கவில்லை, எரிக்கவில்லை. பேசிச் சம்மதிக்க வைக்கிறார். பிறகு அவளுடைய நெற்றி எலும்பில் ஒரு துண்டை எடுத்து அரைக்கச்சில் பதித்துக்கொள்கிறார்.

அவளுக்கு மகாபுத் கோயில் வளாகத்தில் ஒரு சன்னதி உண்டு. ஒன் நுட் ரயில் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் வந்துவிடும். மேற்சொன்ன தோழியோடு போயிருந்தேன். தங்க இழை ஒட்டிய சிலை, பக்கத்தில் குழந்தை உருவம், வேண்டிக்கொண்டவர்கள் கொண்டுவந்து தொங்கவிட்ட உடைகள், விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் நான் எதிர்பார்த்தவையே. சிலைக்கு எதிரே, அவள் முகத்தைப் பார்த்து ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்ததைத்தான் எதிர்பார்க்கவில்லை. பொழுதுபோக வேண்டாமா என்று தோழி கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கும் மாமியாரைப் பற்றிப் பேசும் குரல் அது.

11 ஜனவரி 2024

எலுமிச்சம்பழக் காட்சி ஏன் இத்தனை தலைமுறைகளாக நிலைத்தது என்று ஒருவர் கேட்கிறார். அது ஒரு பேய் செய்யும் காரியம் அன்று, சமையல் நடுவே ஒரு மனைவி செய்யும் காரியம் என்பதால்தான் என்று நினைக்கிறேன். அவள் எவரையும் மிரட்டுவதற்காகக் கை நீட்டவில்லை.

15 ஜனவரி 2024

கிரசூவுக்கு வருகிறேன். பகலில் அவள் அக்கம்பக்கத்துப் பெண்களில் ஒருத்தி. இரவில் தலை உடலிலிருந்து கழன்று, குடலும் ஈரலும் கீழே தொங்க, ஒளியை உமிழ்ந்தபடி பறந்துபோய்ப் பச்சை இறைச்சியும் அசுத்தமும் இரத்தமும் தேடும். விடிவதற்குள் உடலோடு வந்து சேர்ந்தாக வேண்டும். மலேசியாவில் பெனாங்கலன், கம்போடியாவில் ஆப் என்று இவளுக்கு உறவினர்கள் உண்டு. பிரசவம் நடந்த வீட்டில் நஞ்சுக்கொடியைத் தேடி வருவாள் என்பதால் வீட்டைச் சுற்றி முள் கட்டுவார்கள், தொங்கும் குடல் முள்ளில் சிக்கிக்கொள்ளும் என்று. இரவில் கொடியில் துணி காயப்போடக் கூடாது, வாயைத் துடைத்துவிட்டுப் போவாள். துடைத்த துணியைக் கொதிநீரில் போட்டால் அடுத்த நாள் ஊரில் எவள் வாய் வெந்திருக்கிறதோ அவள்தான். தன் எச்சிலை இன்னொருத்திக்குக் கொடுக்காமல் அவளுக்குச் சாவு வராது.

தோழியின் ஊர் கோன் கேன் பக்கம். "உன் பாட்டி கிரசூவைப் பார்த்திருக்கிறாரா?" என்று கேட்டேன். பார்த்திருக்கிறார், வயலுக்கு அப்பால் அசைந்து போகும் ஒரு வெளிச்சத்தை. அவ்வளவுதான். முகமும் குடலும் பற்றிக் கேட்டதற்கு, "அது சினிமாவில்" என்றார். இது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. நம் ஊர்க் கொள்ளிவாய்ப் பிசாசைப் போல, தொலைவில் தெரிந்த ஒரு விளக்குக்கு உடற்கூற்றுப் பாடம் சேர்த்தது சித்திரக்கதையும் திரைப்படமும்தான் போலும். கேமராவுக்கு வெறும் வெளிச்சம் போதாது.

2019இல் வந்த 'சாங் கிரசூ' (தலைப்புக்கே கிரசூவின் ஒளி என்றுதான் பொருள்) இந்த இரண்டையும் சமன்செய்யப் பார்த்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கிராமம். சாய் என்னும் இளம்பெண். அவள் என்னவென்று தெரிந்த பின்னும் ஆற்றாமல் காதலிக்கும் இரு இளைஞர்கள். வேட்டையாட வரும் ஒரு கூட்டம். தாய்லாந்து அந்த ஆண்டு ஆஸ்கருக்கு அனுப்பிய படம் இதுதான். குடல் தொங்கும் ஒரு தலை அழகாகத் தெரியும்படி படமெடுக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். பிற்பாதியில் சண்டை மிகுந்து படம் தடுமாறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

16 ஜனவரி 2024

ஆமாம், ஆண் பேயும் உண்டு. அதன் பெயர் கிரஹாங். இரு கைகளிலும் முறத்தைக் கட்டிக்கொண்டு, உலக்கையைக் காலிடுக்கில் வைத்துப் பறக்கும். அந்தப் படத்திலும் கிரஹாங் வருகிறது, மிகுந்த கம்பீரத்தோடு, முறம் இல்லாமல். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

27 ஜனவரி 2024

முதல் நாள் நான் சொன்ன "நகைச்சுவை கெடுத்தது" என்ற வாதத்தை ஒரு வாசகர் கடுமையாக மறுத்திருக்கிறார். 'பான் பி பொப்' படங்களைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேனா, கேள்விப்பட்டுப் பேசுகிறேனா என்று கேட்கிறார். கேள்விப்பட்டுத்தான் பேசினேன். இந்த இரண்டு வாரங்களில் மூன்று பாகங்கள் பார்த்தேன். என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

படங்கள் மட்டமானவை, அதில் மாற்றமில்லை. கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு யிப் பாட்டி துரத்துவார். ஊரே அலறிக்கொண்டு ஓடும். மழைநீர் பிடித்துவைக்கும் பெரிய தாழிக்குள் ஒருவர் மேல் ஒருவராகப் பத்துப்பேர் குதிப்பார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் மீண்டும் அதே தாழி. ஆனால் பார்க்கப் பார்க்க ஒன்று புலப்பட்டது. துரத்துகிறவர் வேற்றுலகத்திலிருந்து வந்தவர் இல்லை, எல்லோருக்கும் தெரிந்த பாட்டி. அவர் யாரென்று ஊருக்குத் தெரியும். ஓடுவார்கள், ஒளிவார்கள், மறுநாள் காலையில் அதே ஊரில்தான் எல்லோரும் இருப்பார்கள்.

இதன் மறுபக்கம் சிரிப்பதற்குரியதாக இல்லை. பொப் என்பது ஓர் ஆளுக்குள் குடியிருந்து மற்றவர்களின் ஈரலைத் தின்பது என்று வடகிழக்குப் பகுதியில் நம்பப்படுகிறது. அடுத்தடுத்துச் சாவு விழுந்தால், 'யாருக்குள் இருக்கிறது?' என்ற கேள்வி எழும். விரல் பெரும்பாலும் தனித்து வாழும் வயதான பெண்ணை நோக்கி நீளும். பழி சுமத்தப்பட்டவர்கள் ஊரை விட்டே விரட்டப்பட்டிருக்கிறார்கள். வடக்கில் பி கா என்ற பெயரில் இதே பழிக்கு ஆளாகி வெளியேற்றப்பட்ட குடும்பங்களை 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவப் போதகர்கள் ஏற்றுக்கொண்டது பதிவாகியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பின் தாழிக் காட்சி எனக்கு வேறாகத் தெரிகிறது. ஊரார் பாட்டியை விரட்டாமல், பாட்டி ஊராரை விரட்டும் உலகம் அது. அந்தப் படங்களை எடுத்தவர்கள் இப்படி நினைத்து எடுத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை; மலிவாகவும் விரைவாகவும் எடுக்க நினைத்திருப்பார்கள்.

3 பிப்ரவரி 2024

முந்தைய குறிப்பின் தொடர்ச்சியாக 'பி மாக்' பற்றி. வாதத்தின் ஒரு பாதியைத் திரும்பப் பெற்றால் மறுபாதியும் சரிந்துவிடுகிறது. அதை இயக்கிய பன்ஜோங் பிசந்தனகுன் 'ஷட்டர்' எடுத்த இருவரில் ஒருவர். பெயரில்லாத பேயை உலகுக்கு அனுப்பியவரே ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பெயருள்ள பேயிடம் திரும்பி வந்தார். உள்நாட்டில் படத்தின் வசூல் 100 கோடி பாட் (தாய்லாந்து நாணயம்) அளவைத் தாண்டியது என்று தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள். கதையின் சட்டகம் பழையதுதான், மாக்கோடு போரிலிருந்து நான்கு நண்பர்கள் வருகிறார்கள் என்பதே புதிது. பயப்படுவதும் உளறுவதும் அவர்கள் வேலை.

முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அவள் இறந்தவள் என்பது தனக்கு முன்பே தெரியும் என்று மாக் சொல்கிறான். செத்தவளும் உயிரோடிருப்பவனும் சேர்ந்து வாழக் கூடாது என்று யார் சொன்னது என்பது அவனுடைய கேள்வி. துறவி வந்து பிரித்துவைக்கும் முடிவை ஏற்கனவே பல படங்களில் பார்த்துப் பழகிய அரங்கம் இதற்குக் கைதட்டியது. பிறகு நாக் தன் நீளக் கையை வீட்டு வேலைக்கே பயன்படுத்துகிறாள். எலுமிச்சம்பழத்தில் தொடங்கிய கை அதன் இயல்பான இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. கேலிப்பொருளாக்கிவிட்டார்கள் என்று நான் எழுதியது பார்வைக் கோளாறு. கோயிலில் அவள் எதிரே தொலைக்காட்சிப் பெட்டி வைத்தவர்களும் இந்தப் படத்தை எடுத்தவர்களும் ஒரே ஆட்கள்.

எனவே முதல் கேள்விக்கு என் விடையையும் மாற்றிக்கொள்கிறேன். உலக்கை, முறம், தாழி, கொடித்துணி, பலகைத் தரை, பிரசவ அறை: இந்தப் பேய்களுக்கு வேண்டியவை இவைதாம். அடுக்ககத்தின் பத்தாம் மாடியில் எலுமிச்சம்பழம் விழுவதற்கு இடுக்கு இல்லை. நகரத்துப் படங்களில் பெயரில்லாத பேய் வந்து நிற்பதும், பெயருள்ள பேய்கள் வரும்போதெல்லாம் கதை பழைய காலத்துக்குப் போவதும் இதனால்தான். தமிழில் மறுவாக்கம் செய்தவர்கள் எந்த வகையை எடுத்துக்கொண்டார்கள் என்பதும் இதே காரணத்தால்தான்.

4 பிப்ரவரி 2024

பத்தாம் மாடி என்று எழுதியதற்குத் தோழி தொலைபேசியில் சிரித்தார். அவர் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாசலிலும் நிலத்தெய்வத்துக்குச் சிறு வீடு இருக்கிறது, சிவப்பு ஃபான்டா நாள்தோறும் வைக்கிறார்கள் என்று நினைவூட்டினார். சரிதான். ஆனால் அது தெய்வம். கட்டடத்துக்கு வெளியேதான் நிற்கிறது.

18 பிப்ரவரி 2024

'ப்ரேத்' பற்றிக் கேட்டவருக்கு: ஆம், நம்முடைய பிரேதத்தின் உடன்பிறப்புதான் அந்தச் சொல். தமிழில் அது பிணமாகப் படுத்துவிட்டது. தாய் மொழியில் பனைமர உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. ஊசித்துளை அளவே வாய் இருப்பதால் தீராத பசியோடு இரவில் ஊளையிடும். பெற்றோரை அடித்தவர்கள், கோயில் சொத்தைத் தின்றவர்கள் இப்படி ஆவார்கள்.

"சகேத் கோயில் கழுகு, சுதாட் கோயில் ப்ரேத்" என்று பாங்காக்கில் எதுகையோடு ஒரு வழக்கு உண்டு. கழுகு உண்மையானது; 1820ஆம் ஆண்டுக் காலராவின்போது சகேத் கோயிலில் குவிந்த பிணங்களுக்கு அவை வந்தன. ப்ரேத் எப்படி வந்தது என்பதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள்: சுதாட் கோயில் எதிரே நிற்கும் பெரிய ஊஞ்சலின் இரண்டு செந்நிறக் கம்பங்களை மங்கலான இருளில் பார்த்தவர்கள் கால்கள் என்று எண்ணிவிட்டார்கள். அந்த ஊஞ்சல் எதற்காக நடப்பட்டது என்பது தமிழ் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். திரியம்பாவாய் என்னும் பிராமணச் சடங்குக்காக. அந்தப் பெயர் நம் திருவெம்பாவைதான். ஊஞ்சலாட்டம் 1935இல் நிறுத்தப்பட்டது, கம்பங்கள் இருக்கின்றன. மாணிக்கவாசகர் பாட்டு சயாமுக்குப் போய்ப் பேய்க்குக் கால் கொடுத்தது என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

திரையில் ப்ரேத் அபூர்வம். 2015இல் வந்த 'ஆபத்' படத்தில் வருகிறது. முதலில் அந்தப் படத்தைத் தடை செய்தார்கள், பிறகு சில வெட்டுகளோடும் தலைப்பில் ஓரெழுத்து மாற்றத்தோடும் அனுமதித்தார்கள். தணிக்கையாளர்களை உறுத்தியது பேய் அன்று, பிக்குகளைக் காட்டிய விதம்.

21 மார்ச் 2024

'நாங் நாக்' படத்தில் மாக்காக நடித்த வினை கிரைபுத் நேற்று காலமாகிவிட்டார். வயது 54. நேற்றிரவு அந்தப் படத்தை மீண்டும் பார்த்தேன். போரிலிருந்து திரும்பிப் படகில் வரும் அவர், கரையில் நிற்கும் நாக்கைப் பார்த்து முகம் மலரும் இடத்துக்கு மேல் பார்க்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

9 ஏப்ரல் 2024

பாங்காக் போகவிருக்கும் ஒருவர், கருவுற்ற மனைவியோடு நாக் சன்னதிக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். தெய்வக்குற்றம் என்றெல்லாம் எவரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அங்குள்ள பெண்கள் அந்த நிலையில் போவதைத் தவிர்ப்பார்கள், எனவே உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

உங்களுக்குப் பதிலாக இந்த மாதத்தில் அங்கே யார் போவார்கள் என்று சொல்கிறேன். தாய்லாந்தில் ஏப்ரல் தொடக்கத்தில் கட்டாய ராணுவச் சேவைக்குச் சீட்டுக் குலுக்குவார்கள். சிவப்புச் சீட்டு எடுத்தவன் பட்டாளத்துக்குப் போக வேண்டும், கறுப்புச் சீட்டு எடுத்தவன் வீட்டுக்குப் போகலாம். கணவனைப் போருக்குப் பறிகொடுத்துத் தனியே செத்தவளுக்கு ஆள் பிடிப்பவர்களைப் பிடிக்காது என்பது ஊர் நம்பிக்கை; எனவே இளைஞர்கள் அவளிடம் கறுப்புச் சீட்டுக் கேட்டு வருவார்கள். ஜனவரியில் எழுதியபோது இதை விட்டுவிட்டேன்: நானும் தோழியும் அன்று போனதே அவருடைய தம்பிக்காகத்தான். அவனுக்குக் கறுப்புச் சீட்டு வந்துவிட்டது, நேர்ந்துகொண்ட உடையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எந்த நிறம் என்று வேண்டிக்கொண்டோம் என்பது பதற்றத்தில் அவனுக்கு மறந்துவிட்டது. சிவப்புச் சீட்டை நினைவூட்டும் என்று சிவப்பை ஒதுக்கினான். பச்சை தானியின் நிறம் என்று தோழி ஒதுக்கினார். கடைசியில் மஞ்சளில் ஒன்றும் ஊதாவில் ஒன்றுமாக எடுத்துக்கொண்டு, பிடித்ததை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று மூவரும் புறப்பட்டோம்.